பயிற்சியாளர் போனார், பழக்கம் போனதா?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூன் 14 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்க அணி ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. கோப்பையைத் தூக்கியவர் டெம்பா பவுமா. கேப் டவுனில் லாங்கா என்னும் கருப்பர் குடியிருப்பில் பிறந்தவர். தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்குத் தலைவரான முதல் கருப்பின ஆப்பிரிக்கர். அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் ஸ்டேட்டஸிலும் வைத்திருப்பீர்கள்.

அந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது ஒரு சுருக்கமான கதை சொல்லப்படுகிறது. பழைய கோச் போனார், புதிய கோச் வந்தார், அணி மாறிவிட்டது என்பதுதான் அந்தக் கதை. விளையாட்டும் சமூகமும் குறித்து ஆய்வு செய்பவன் என்ற முறையில், இந்தக் கதையில் விட்டுப்போனதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன். இது கிரிக்கெட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. விடுதியில் சாதிப் பிரச்சினை வந்தால் வார்டனை மாற்றச் சொல்கிறோம். துறையில் வந்தால் துறைத்தலைவரை மாற்றச் சொல்கிறோம். மாற்றப்பட வேண்டியவர் மாற்றப்படத்தான் வேண்டும். ஆனால் மாற்றிய மறுநாள் காலையில் அதே மெஸ்ஸில், அதே மேசைகளில், அதே வரிசையில்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். அந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

லார்ட்ஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பேருந்திலிருந்து தொடங்குவோம்.

மக்காயா இன்டினி என்ற வேகப்பந்து வீச்சாளரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கிழக்குக் கேப் மாநிலத்தில் ம்டிங்கி என்ற கிராமத்தில் மாடு மேய்த்த சிறுவன். 1998இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கருப்பின ஆப்பிரிக்கர். 101 டெஸ்ட், 390 விக்கெட். அவர் 2020இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் மனம் திறந்தார். இரவு உணவுக்குப் போகும்போது, வா போகலாம் என்று தன் அறைக் கதவை யாரும் தட்டியதில்லை என்றார். காலை உணவின்போது பக்கத்தில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். அணிப் பேருந்தில் அவர் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதனால் தன் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவாராம், ஓடியே திரும்புவாராம். உடற்பயிற்சிக்காக ஓடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தனிமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார்.

இதில் யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? எந்தச் சட்டப்பிரிவில் கொடுப்பீர்கள்? யாரும் அவரைத் திட்டவில்லை. பேருந்தில் இருக்கை மாறி உட்கார்வது குற்றமும் இல்லை. பாகுபாட்டில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. விதியை மீறாமலேயே நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு செயலும் அற்பமாகத் தெரியும். நம் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த காலத்தில் அதற்கு எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. எந்தக் குவளை யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் கருப்பின மக்கள் கிரிக்கெட்டுக்குப் புதியவர்கள் என்று ஒரு பொய் உலவியது. கிழக்குக் கேப்பில் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆடிவந்தவர்கள். 1894இல் இங்கிலாந்து சென்ற முதல் தென்னாப்பிரிக்க அணியில் குரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் நிறத்தின் காரணமாகவே சேர்க்கப்படவில்லை. கேப் டவுனில் பிறந்த பேசில் டி'ஒலிவேரா சொந்த நாட்டுக்காக ஆட முடியாமல் இங்கிலாந்துக்குப் போய் அந்த நாட்டுக்காக ஆடினார். 1968இல் அவர் இடம்பெற்ற இங்கிலாந்து அணியை ஏற்க நிறவெறி அரசு மறுத்தது, பயணமே ரத்தானது. 1970 முதல் தென்னாப்பிரிக்கா சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டது. 1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில்தான் திரும்பி வந்தது. சட்டத்தில் நிறவெறி ஒழிந்தது. ஆனால் டிரெஸ்ஸிங் ரூமில் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த காலத்துப் பழக்கங்கள் "அணியின் மரபு" என்ற புதுப்பெயரில் தொடர்ந்தன. புதிதாக உள்ளே வருபவர்தான் அந்த மரபுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

குற்றவாளி இல்லாத குற்றம்

2020 ஜூலையில் லுங்கி இங்கிடி என்ற இளம் பந்துவீச்சாளர், 'கருப்பர் உயிரும் உயிரே' இயக்கத்துக்கு அணி ஆதரவு தர வேண்டும் என்றார். முன்னாள் வெள்ளை வீரர்கள் சிலர் அவர் மேல் பாய்ந்தார்கள். பதிலுக்கு கருப்பின, கலப்பின, இந்திய வம்சாவளி முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இங்கிடிக்கு ஆதரவாகக் கூட்டறிக்கை விட்டார்கள். அதுவரை மூடியிருந்த கதவு திறந்தது. கிரிக்கெட் வாரியம் வழக்கறிஞர் டுமிசா இன்ட்செபேசா தலைமையில் ஒரு விசாரணையை அமைத்தது. 'சமூகநீதியும் தேசக் கட்டுமானமும்' என்பது அதன் பெயர். 2021 ஜூலையில் பொது விசாரணை தொடங்கியது. வீரர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள், நாடே பார்த்தது.

பால் ஆடம்ஸ் என்ற கலப்பின சுழற்பந்து வீச்சாளர் சொன்னதைக் கேளுங்கள். வெற்றிக்குப் பிறகு அணி கூடி உட்கார்ந்து பாட்டுப் பாடுவது வழக்கம். அந்தப் பாட்டில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவருடைய தோல் நிறத்தையும் மலத்தையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. ஜெயித்த மகிழ்ச்சியில் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அவர் மனைவியான பெண்தான், ஏன் உன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாராம். வெளியிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் அது உடனே கேட்டிருக்கிறது.

அந்தப் பாட்டைப் பாடியவர்களில் ஒருவர் மார்க் பவுச்சர். விசாரணை நடந்தபோது அவர்தான் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெயரைத் தான் வைக்கவில்லை என்றார். நிறவெறியின் சுமையோடு வந்த ஓர் அணியில் எப்படி நடந்துகொள்வது என்று தங்களுக்கு யாரும் வழிகாட்டவில்லை என்றும் சொன்னார். வாரியம் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. 2022 மே மாதம், விசாரணைக்குச் சில நாள் முன்பு, குற்றச்சாட்டுகள் நிற்காது என்று கூறி வாரியமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆடம்ஸ் சாட்சி சொல்ல முன்வரவில்லை. தான் பேசியது எந்தத் தனி வீரரையும் குறிவைத்து அல்ல, அன்றைய அணியின் ஒட்டுமொத்தக் கலாச்சாரத்தைப் பற்றியே என்றார்.

பலர் இதைத் தோல்வி என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு தேதி வேண்டும், ஒரு செயல் வேண்டும். பழக்கத்துக்கு இவை எதுவும் கிடையாது. என் ஆய்வுக்காகப் பேசிய கபடி வீராங்கனை ஒருவர், தான் தங்கியிருந்த விடுதியில் தனக்கு இருந்த பட்டப்பெயர் "கோட்டா" என்றார். புதிதாக வந்த பயிற்சியாளர் நல்லவர். இதை யார் ஆரம்பித்தது என்று எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். யாரும் ஆரம்பிக்கவில்லை. சீனியர்கள் அவர்களுடைய சீனியர்களிடமிருந்து கேட்டது. பொய்யும் சொல்லவில்லை. பயிற்சியாளர் மாறிய பிறகும் அந்தப் பெயர் இரண்டு வருடம் இருந்தது.

அந்த விசாரணை தண்டனை வாங்கித் தரவில்லை. ஆனால் 235 பக்கத்தில் ஒரு பதிவை விட்டுச் சென்றது. இன்டினியின் தனிமையும் ஆடம்ஸின் பட்டப்பெயரும் நாடறிந்த செய்திகள் ஆயின. அதன் பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மறுகட்டுமானத்துக்கு அதுதான் அடித்தளம்.

முகாமும் உத்தரவும்

பழைய பயிற்சியாளர் காலத்தில் முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. 2020 ஆகஸ்டில் குரூகர் தேசியப் பூங்காவில் அணிக்குக் கலாச்சார முகாம் நடந்தது. எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 2021இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது மூன்று வழிகள் வைத்தார்கள்: முட்டி போடலாம், முட்டியை மடக்காமல் கையை உயர்த்தலாம், அல்லது நேராக நிற்கலாம். ஒரே அணி மைதானத்தில் மூன்று விதமாக நின்றது.

2021 அக்டோபர் 26, துபாய், டி20 உலகக் கோப்பை. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, எல்லோரும் முட்டி போட வேண்டும் என்று வாரியத்திலிருந்து உத்தரவு வந்தது. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியும் வந்தார். ஆனால் அன்று மாலை உலகத்தின் கேள்விகள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னவர் யார்? ஒருநாள், டி20 அணிகளின் தலைவராக இருந்த பவுமா. முட்டி போட மறுத்தவர் அறையில் இருந்தார். அவருடைய மறுப்புக்கு நாகரிகமாக விளக்கம் சொல்லும் வேலை கருப்பினத் தலைவர் தலையில் விழுந்தது. நம் வகுப்பறைகளில் இட ஒதுக்கீட்டைப் பற்றி விவாதம் வந்தால், எல்லோருக்கும் பொறுமையாக விளக்கிச் சொல்லும் வேலை யார் தலையில் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சில நாள் முகாமும் மேலிருந்து வரும் உத்தரவும் பழக்கத்தைத் தொடுவதில்லை. யார் முடிவெடுக்கிறார்கள் என்பது மாறினால்தான் அது அசையத் தொடங்குகிறது.

இங்கே ஒருவரைக் கவனியுங்கள். இனாக் இன்க்வே. பவுச்சருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அணிச் சூழல் பற்றிக் கவலை தெரிவித்து 2021 ஆகஸ்டில் பதவி விலகினார். வழக்கமாகக் கதை இத்தோடு முடியும். பேசியவர் வெளியே போவார், அமைப்பு அப்படியே ஓடும். ஆனால் 2022இல் வாரியம் அவரையே கிரிக்கெட் இயக்குநராகக் கொண்டுவந்தது. சூழல் சரியில்லை என்று போனவர், பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். பவுச்சர் 2022 டி20 உலகக் கோப்பையோடு விலகிக்கொண்டார். 2023 ஜனவரியில் டெஸ்ட் அணிக்கு ஷுக்ரி கான்ராட், ஒருநாள் மற்றும் டி20 அணிகளுக்கு ராப் வால்டர் நியமிக்கப்பட்டார்கள். அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் பயிற்சியாளர்களிடமே தரப்பட்டது.

கான்ராட் கேப் டவுனின் கலப்பினச் சமூகத்திலிருந்து வந்தவர். அவருடைய முதல் பெரிய முடிவு டீன் எல்கரிடமிருந்து டெஸ்ட் தலைமையை எடுத்துப் பவுமாவிடம் கொடுத்தது. பின்னர் பேட்டிங் பயிற்சியாளராக வந்தவர் ஆஷ்வெல் பிரின்ஸ். 2006இல் தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் வெள்ளையரல்லாதவர். 2021 விசாரணையில் அணிக்குள் தான் அனுபவித்த தனிமையைச் சொன்னவர்களில் ஒருவர். சாட்சிக் கூண்டிலிருந்து பயிற்சியாளர் அறைக்கு வந்தார் என்று சொல்லலாம்.

தோற்கும் உரிமை

பவுமாவுக்குத் தலைமை கொடுக்கப்பட்டபோது அவருடைய கணக்கு என்ன? 2014இல் அறிமுகம். 2016 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் சதம். கருப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் அடித்த முதல் சதம் அது. அதன் பிறகு ஏழு வருடம் சதமே இல்லை. "கோட்டாவில் ஆடுகிறவர்" என்ற சொல் அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது.

அந்த நாட்டில் 2016 முதல் ஓர் இலக்கு இருக்கிறது. ஒரு பருவத்தின் சராசரியாக, ஆடும் 11 பேரில் வெள்ளையரல்லாதவர் ஆறு பேர், அதில் குறைந்தது இரண்டு கருப்பின ஆப்பிரிக்கர். பவுமா 2020இல் அணியிலிருந்து நீக்கப்பட்ட சமயத்தில் இதைப் பற்றி ஒன்று சொன்னார். கருப்பின வீரர்கள் நன்றாக ஆடும்போது இந்தக் கொள்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, சரியாக ஆடாதபோது மட்டும் அதுதான் முதல் பேச்சாக வந்து நிற்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு உங்கள் கல்லூரி நினைவுக்கு வந்திருக்கும். நாம் முதல் மதிப்பெண் எடுத்தால் அது தனிமனித உழைப்பு. ஒரு பேப்பரில் அரியர் வைத்தால் அது கோட்டா. மற்றவர் தோற்றால் அவர் மட்டும் தோற்கிறார். நாம் தோற்றால் நம் தெருவே தோற்றதாக எழுதிக்கொள்கிறார்கள். 'தகுதி, திறமை' என்று பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: நாலு முறை தோற்ற பிறகும் ஐந்தாவது வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? திறமை என்று நாம் பார்ப்பதில் பாதி, தோற்றாலும் இடம் போகாது என்ற நிம்மதியில் வளர்ந்தது.

பவுமாவுக்கு அந்த நிம்மதி தலைமையோடு வந்தது. பொறுப்பேற்ற முதல் தொடரிலேயே, 2023 மார்ச்சில், ஜோகன்னஸ்பர்க்கில் 172 ரன். ஏழு வருடத்துக்குப் பிந்தைய சதம். 2024 ஆகஸ்டிலிருந்து மேற்கிந்தியத் தீவுகள், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான் என வரிசையாகத் தொடர்களை வென்று அணி இறுதிப் போட்டிக்குப் போனது.

லார்ட்ஸில் இலக்கு 282. பவுமா ஆட வந்த கொஞ்ச நேரத்தில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில், தொடர்ந்து ஆடலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்தது. அவர் ஆடுவேன் என்றார். நொண்டிக்கொண்டே மார்க்ரமோடு சேர்ந்து 147 ரன் கூட்டணி. மார்க்ரம் 136, பவுமா 66. 1998க்குப் பிறகு அந்த நாட்டு ஆண்கள் அணிக்குக் கிடைத்த முதல் ஐசிசி கோப்பை. லாங்காவில் சிறுவனாகத் தெருவில் ஆடியபோது, நாற்சந்தியில் தார் பெயர்ந்த பக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கராச்சி. கொஞ்சம் நன்றாக இருந்த பக்கம் மெல்போர்ன். எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்த பக்கத்துக்கு லார்ட்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

முடியாத வேலை

இத்தோடு நிறுத்தினால் நானும் ரீல்ஸ் போட்டவன் ஆவேன். அதே வாரியம், அதே ஜனவரியில் நியமித்த இன்னொரு புதிய பயிற்சியாளரின் கீழ், 2024 டி20 உலகக் கோப்பைக்குப் போன 15 பேரில் கருப்பின ஆப்பிரிக்கர் ரபாடா ஒருவர் மட்டுமே. மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள். அந்த அணி இறுதிப் போட்டி வரை வந்து இந்தியாவிடம் ஏழு ரன்னில் தோற்றது. ஜெயிக்கிற அணியெல்லாம் சரியான அணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கான்ராடும் விதிவிலக்கு இல்லை. 2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்டின்போது, இந்திய அணியை மண்ணில் ஊர்ந்து மண்டியிட வைக்க நினைத்தோம் என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். 1976இல் டோனி கிரெய்க், தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குத் தலைவராக இருந்த வெள்ளையர், மேற்கிந்தியத் தீவுகளின் கருப்பின வீரர்களைப் பார்த்துச் சொன்ன அதே சொல். நிறவெறியின் வலி தெரிந்தவர் வாயிலிருந்தே அது வந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பயிற்சியாளர் தன் சொல்லைப் பற்றி யோசித்துப் பார்ப்பார் என்று பவுமா வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சொல் தனக்கு உவப்பாக இல்லை என்று பிறகு எழுதினார். கான்ராடும் அது சரியான சொல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். இன்டினி காலத்து அணியில் இப்படி ஒன்று நடந்திருக்குமா? மேலே இருப்பவரின் சொல்லைக் கீழே இருப்பவர் தவறென்று சொல்லிவிட்டு, மறுநாளும் தன் இடத்தில் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். ஓர் அணி மாறியிருக்கிறதா என்பதை நான் அதை வைத்துத்தான் அளப்பேன்.

அதே தொடரில் ஈடன் கார்டனில் இந்திய வீரர்கள் பவுமாவின் உயரத்தைக் கேலி செய்து, "குள்ளன்" என்று பொருள்படும் இந்திச் சொல்லைப் பேசியது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. நம் பக்கத்து டிரெஸ்ஸிங் ரூமில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு நொடி நமக்குக் கேட்டது. குவாஹாட்டியில் சதம் அடித்த செனுரன் முத்துசாமி தமிழ் வேர்கள் உள்ளவர் என்று இங்கே கொண்டாடினோம். நல்லது. 1860 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களால் உருவான சமூகம் அவருடையது. அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் எத்தனையோ பேர். அவர்களோடு ஊரில் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் நம் அணிகளில் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

2021 ஜூலை 31. டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா ஹாட்ரிக் கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண். எதிரணி தென்னாப்பிரிக்கா. நாலு நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே அவருடைய வீட்டு முன்னால் வந்து பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே சமயத்தில் அங்கே வீரர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து நிறவெறியைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே எந்த விளையாட்டு வாரியமும், உங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் சாதி எப்படி இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்று தன் வீரர்களை அழைக்கவில்லை. பல்வங்கர் பாலூ என்ற மாபெரும் சுழற்பந்து வீச்சாளருக்குப் புனேயில் பெவிலியனுக்கு வெளியே, தனியாக மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அது நடந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரை அணித்தலைவர் ஆக்கவே இல்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் இந்து அணிக்குத் தலைவரானார்.

தோழர்களே, உங்களில் சிலர் கல்லூரி அணிகளில் ஆடுகிறீர்கள். சிலர் ஊரில் கபடிக் குழுவும் கால்பந்துக் குழுவும் நடத்துகிறீர்கள். சிலர் நாளை உடற்கல்வி ஆசிரியர்களாகவும் ஆவீர்கள். பயிற்சியாளர் மாறும் சமயம்தான் கேள்வி கேட்கச் சரியான சமயம். யார் ஆடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? தோற்ற பிறகும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? அணிப் பாட்டில், பட்டப்பெயரில், கிண்டலில் யார் எப்போதும் சிரிப்புக்கு ஆளாகிறார்கள்? தண்ணீர் கேனைத் தூக்குவது யார்? இவற்றுக்கான பதிலை முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் போட்டு, தேதி போட்டு எழுதுங்கள். எழுதிவைக்காத அநியாயத்தை அடுத்த சீனியர் மரபு என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்.

பிறகு, அடுத்த முறை அணிப் பேருந்தில் ஏறும்போது யார் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்.